எந்த நேரத்துல பத்த வைப்பீங்க?

திருவொற்றியூரில் எங்கள் வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற கல் கிடந்த இடத்தில், இப்போது ஒரு செங்கல் குவிமாடம் இருக்கிறது. விறகு போட்டுச் சூடாக்கி பிரெட்டும் பீட்சாவும் சுடுகிற அடுப்பு. ஐந்து மாத சனி, ஞாயிறுகளை அது தின்றது. முதல் தீயை மூட்டுவதற்கு முந்தைய நாள் பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டார். "தம்பி, எந்த நேரத்துல பத்த வைப்பீங்கன்னு சொன்னீங்கன்னா ஜன்னல சாத்திப்பேன். பையனுக்கு வீசிங் இருக்குல்ல, அதான்."

கோபமாகக் கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கோபத்துக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆசை ராயபுரத்தில் தொடங்கியது. அத்தை வீட்டுத் தெருமுனையில் ஒரு பேக்கரி, உள்ளே இருட்டான விறகு அடுப்பு. கிறிஸ்துமஸுக்கு முன்பு தெருவில் உள்ளவர்கள் வீட்டில் கலந்த கேக் மாவைத் தகர டின்களில் ஊற்றி அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். யாருடையது என்று தெரிய டின்னில் ஆணியால் பெயர் கீறியிருக்கும். எட்டு வயதில் அந்த அடுப்பின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. இலங்கைத் தமிழில் இதற்குப் போறணை என்று ஒரு நல்ல சொல் உண்டு. போர்த்துகீசிய ‘ஃபோர்னோ’விலிருந்து வந்தது. நமக்கோ ‘ஓவன்’தான். ஓவன் என்றால் எல்லோருக்கும் மைக்ரோவேவ் நினைவுக்கு வருகிறது.

முதலில் மொட்டை மாடியில் கட்டலாம் என்றுதான் நினைத்தேன். ஆள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்பது கட்டட விதிப்படி எடுத்துக்கொள்ளும் சுமை. அடுப்பு ஏறக்குறைய ஒரு டன், உட்காரும் இடம் ஒன்றரைச் சதுர மீட்டர். கணக்கைப் பார்த்ததும் பின்பக்கம் இறங்கிவிட்டேன். உள்விட்டம் 90 சென்டிமீட்டர், உச்சி 45. வாசலின் உயரம் உச்சி உயரத்தில் 63 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்த அடுப்பு கட்டுபவர்கள் பின்பற்றுகிற கணக்கு. அதாவது 28 சென்டிமீட்டர். இதற்கு மேல் போனால் சூடு வெளியே ஓடிவிடும், குறைந்தால் தீ மூச்சு முட்டும். கீழே பாதி வாசல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே போகிறது, மேல் பாதி வழியாகப் புகை வெளியே வருகிறது. ஒரே ஓட்டையில் இரண்டு போக்குவரத்து.

சாதாரண சிமெண்ட் கலவை இங்கே உதவாது. 400 டிகிரிக்கு மேல் போகும்போது சிமெண்டைப் பிடித்துவைத்திருக்கும் நீர் பிரிந்து போய்விடும், கலவை உதிரும். ஃபயர் பிரிக்கும் தீக்களிமண்ணும்தான் வேண்டும். தரைக்குக் கீழ்ப் பீடத்தை மட்டும் சாம்பல் செங்கல்லில் கட்டினேன். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்கிற கல். எண்ணூர்ப் பக்கம் இருந்துகொண்டு அதை வாங்கும்போது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

குவிமாடம் கட்டுவதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வரிசை பாதியில் இருக்கும்போது ஒவ்வொரு கல்லும் உள்ளே விழப் பார்க்கும், முட்டுக் கொடுக்க வேண்டும். கடைசிக் கல்லைச் செருகி வட்டத்தை மூடிவிட்டால் முட்டை எடுத்துவிடலாம். கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். ஆரோவில்லில் சென்ட்ரிங் இல்லாமலே பெரிய குவிமாடங்கள் எழுப்புவது இந்த விதியை வைத்துத்தான். மேஸ்திரி மட்டும் கடைசி வரை நம்பவில்லை. "இன்னா தம்பி, புத்து கட்டி வச்சிருக்க. பாம்பு வந்துரப் போவுது."

அம்மாவுக்கு வேறு வருத்தம். கல்யாணமாகி வந்த புதிதில் விறகுத் தொட்டியிலிருந்து எடைக்கு விறகு வாங்கி வந்து ஊதி ஊதிச் சமைத்தவள். "ஒரு கேஸ் கனெக்‌ஷனுக்கு எத்தன வருசம் காத்திருந்தேன் தெரியுமா? இப்ப நீ காசு குடுத்துப் பொகைய வாங்கிட்டு வர்ற." பாட்டியின் இருமலை நானும் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, எனக்கோ இது சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. அந்த வித்தியாசம் எனக்கு உறுத்தியது. ஆனால் கட்டுவதை நிறுத்தவில்லை.

இப்போது அந்தத் தயார் பதில். அத்திப்பட்டில் இருக்கிற வடசென்னை அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட் ஒன்று முழுவீச்சில் ஓடினால், யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தாலும், ஒரு நாளைக்கு 3,500 டன் நிலக்கரி எரியும். என் அடுப்புக்கு ஒரு தடவைக்கு 15 கிலோ சவுக்கு விறகு. வாரம் ஒரு முறை மூட்டினால், அந்த ஒரு யூனிட் ஒரே நாளில் எரிப்பதை நான் எரித்து முடிக்க 4,500 வருடம் ஆகும். இந்தக் காற்றில் என் புகை ஒரு பொருட்டா?

ஜொனாதன் க்ளோவர் என்ற தத்துவவாதி 1975இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு கதை வருகிறது. ஒரு கிராமத்தில் நூறு பேர் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். நூறு கொள்ளையர்கள் வந்து ஆளுக்கு ஒரு தட்டைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகிறார்கள். பிறகு அவர்களுக்கு மனசு உறுத்துகிறது. அடுத்த வாரம் வேறு மாதிரி செய்கிறார்கள். ஒவ்வொருவனும் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரே ஒரு அவரை விதையை எடுக்கிறான். ஒரு தட்டில் இருப்பது நூறு விதை, அதில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும்? யாரும் யாருக்கும் உணரும்படி தீங்கு செய்யவில்லை. தட்டுகள் மட்டும் காலி.

இதைப் படித்திருந்தும் என் கணக்கை நான் நம்பிக்கொண்டிருந்தேன். கணக்கு தத்துவத்தில் மட்டும் தப்பாகவில்லை, இன்ஜினியரிங்கிலும் தப்பு என்று அக்கா கேட்ட பிறகுதான் உறைத்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி இருநூறு மீட்டருக்கு மேல். அதற்கு முன்பு சாம்பலைப் பிடிக்க மின் வடிகட்டி வேறு இருக்கிறது. (ஒழுங்காக ஓடுகிறதா என்பது தனிக் கதை. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்திருக்கிற சாம்பலைப் போய்ப் பாருங்கள்.) என் புகைபோக்கி இரண்டு மீட்டர், வடிகட்டி கிடையாது. பையன் படுக்கிற அறையின் ஜன்னல் அதிலிருந்து நான்கு மீட்டர். மொத்தம் எவ்வளவு எரிகிறது என்பதையே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் எவ்வளவு ஒருவரின் நெஞ்சுக்குள் போகிறது என்று கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டால் என் 15 கிலோ சட்டென்று பெரிதாகிவிடுகிறது.

பிறகு காற்றின் பக்கம் போனேன். மதியத்துக்கு மேல் கடற்காற்று மேற்கே வீசும், அக்கா வீடு மேற்கில். சரி, விடிகாலையில் மூட்டலாம், நிலக்காற்று புகையைக் கடலுக்குத் தள்ளிவிடும் என்று வரைபடத்தை விரித்தால், எனக்கும் கடலுக்கும் நடுவில் மீனவர் குப்பம். இரவில் மணலிப் பக்கமிருந்து வருகிற ஆலை வாடை எங்கள் தெருவைக் கடந்து அங்கேதான் போகிறது. அனுப்புவதற்கு ஆளில்லாத திசை என்று ஒன்று இந்த ஊரில் இல்லை.

செய்ய முடிந்ததைச் செய்தேன். புதுக் குவிமாடத்தை ஏழு நாள் சின்னச் சின்னத் தீயில் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி விரிந்து விரிசல் விடும். அதற்கு விறகுக்குப் பதில் அடுப்புக்கரி போட்டேன். சவுக்கை வெயிலில் நன்றாகக் காயவைத்தேன். அடியில் பற்றவைக்காமல் மேலிருந்து பற்றவைத்தால் புகை குறையும் என்று கற்றுக்கொண்டேன். மோசமான புகை முதல் அரைமணி நேரம்தான். குவிமாடத்தின் உட்புறம் முதலில் கருத்து, சூடு ஏறியதும் கரி எரிந்து வெளுத்துவிடும். அதற்குப் பிறகு புகை கண்ணுக்கே தெரியாது. இவ்வளவும் சரி. ஆனால் புகையைக் குறைத்ததால் புகைக்க அனுமதி கிடைத்துவிடுமா?

அக்காவின் கேள்வி எனக்கு 2023 டிசம்பர் 26 இரவை நினைவுபடுத்தியது. எண்ணூர் பெரியகுப்பம் அருகே உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. நள்ளிரவில் கண்ணும் தொண்டையும் எரிய, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். எப்போது வரும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. வடசென்னையில் வாழ்கிற ஒருவர் பக்கத்து வீட்டுக்காரனிடம், நிறுத்து என்றுகூடக் கேட்கவில்லை. நேரத்தை மட்டும் கேட்கிறார். நிறுத்தச் சொல்லலாம் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது போல.

இன்னொன்றும் புரிந்தது. இந்த அடுப்பு சூடாக இரண்டு, மூன்று மணி நேரம் ஆகிறது. ஒரு பீட்சா வேக ஒன்றரை நிமிடம். தீயை அணைத்த பிறகும் மறுநாள் வரை கல்லில் சூடு நிற்கிறது. மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு இது அநியாயம். ராயபுரத்து அடுப்புக்குள் முழுத் தெருவின் டின்களும் இருந்தன. புகையை யார் சுவாசித்தார்களோ அவர்கள் கேக்கும் அங்கே வெந்தது. நான் சூட்டை எனக்கும் புகையைத் தெருவுக்கும் பிரித்துவைத்துவிட்டேன். இதை அக்காவிடம் உளறிக்கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேக் நல்லாத்தான் இருக்கும் தம்பி. அவனுக்கு இழுப்பு வந்தா கேக்கா குடுக்க முடியும்?" என்றார்.

எட்டு மாதம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். "ஏன் தம்பி பத்த வைக்கவே இல்ல?" என்று அவரேதான் கேட்டார். அரையாண்டு விடுமுறைக்குப் பையன் அரக்கோணத்தில் பாட்டி வீட்டுக்குப் போன மறுநாள், விடியற்காலை நாலரை மணிக்கு என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். பத்து மணிக்கு அக்கா இரண்டு டின் கொண்டுவந்தார். எதிர்வீட்டிலிருந்து ஒன்று வந்தது. அம்மா பானையில் கறி வைத்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குக் காற்று கிழக்கே போனது. குப்பத்தில் யாரிடமும் நான் நேரம் சொல்லியிருக்கவில்லை.