தீர்ப்பும் தாழ்மையும்

பிறர் குற்றம் காண்பதில் மனிதனுக்குள்ள நாட்டம் பசியையும் உறக்கத்தையும் போல இயல்பாகி விட்ட ஒன்று. தன்னைப் போல் உண்ணாதவன், உடுத்தாதவன், வழிபடாதவன் எவனோ, அவன் தன்னினும் குறைந்தவன் என்று எண்ணுவதற்கு அவன் சான்று எதனையும் தேடுவதில்லை. சமயப்பற்றும் சில வேளைகளில் இந்நெருப்புக்கு நெய் வார்த்து விடுகிறது. கிறித்துவ நெறி இந்நோயை நன்கறிந்திருந்தது. ஆகவேதான் தாழ்மையை அறத்தின் அணிகலனாக அன்றி, அதன் அடித்தளமாகவே வைத்தது.

ஆலயத்தில் வேண்டுதல் செய்யச் சென்ற இருவரைப் பற்றி இயேசு பெருமான் கூறிய உவமை பலரும் அறிந்ததே. பரிசேயன் தன் நோன்பையும் காணிக்கையையும் கணக்கிட்டுக் காட்டினான். ஆயக்காரனோ தொலைவில் நின்று, மார்பில் அறைந்துகொண்டு இரக்கம் வேண்டினான். இவ்வுவமையில் கூர்ந்து நோக்கற்பாலது ஒன்று உண்டு. பரிசேயன் பொய்யுரைத்தவன் அல்லன். அவன் நோன்பிருந்தது மெய். வரி தண்டுவோரிடையே அநீதி மலிந்திருந்ததும் மெய். ஆயினும் தன்னிடமிருந்த நன்மையையே முழக்கோலாக்கி, அருகே நின்றவனை அவன் அளந்தான். அங்கேதான் அவன் நன்மை அனைத்தும் பாழாயிற்று. நல்லொழுக்கமே செருக்காக மாறும் இடம் இது. தீயவனைக் காட்டிலும் நல்லவனுக்கே இவ்விடத்தில் ஆபத்து மிகுதி.

மேலிருந்து வழங்கப்படும் தீர்ப்பு எத்துணைக் குறையுடையது என்பதற்குத் தொலைவில் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. ஜொகூரிலுள்ள தெப்ராவின் மண்ணே அதனைச் சொல்லும். 1844ஆம் ஆண்டில் தான் கீ சூன் என்பவர் தம் ஆட்களோடு தெப்ராவ் ஆற்றங்கரையில் காடு திருத்திக் குடியேறினார். மிளகும் காம்பியரும் பயிரிட்ட அக்குடியேற்றம் கங்கார் எனப்பட்டது. அதன் தலைவன் கங்சு எனப்பட்டான். சீனத்திலிருந்து கடனாளியாகவே வந்திறங்கிய கூலியாள், காய்ச்சலும் புலியும் நிறைந்த காட்டில் நாளெல்லாம் உழைத்து, இரவில் அபின் புகைத்து அயர்ந்தான். 'அபின் தின்னும் கூட்டம்' என்று அவனை இகழ்வது எளிதாயிருந்தது. ஆனால் கங்காரில் அபினும் சாராயமும் விற்கும் தனியுரிமை, சூதாட்டம் நடத்தும் உரிமை ஆகியவை கங்சுவிடமே இருந்தன. அபின் குத்தகை அக்காலத்து அரசுக்கும் பெருவருவாய் ஈட்டித் தந்தது. புகைத்தவன் பழி சுமந்தான். விற்றவன் பொருள் சேர்த்தான்.

கங்சு முறை 1917இல் ஒழிந்தது. மிளகுத் தோட்டங்கள் இருந்த ஜொகூர் மண்ணில் ரப்பர் ஓங்கியது. தமிழ்த் தொழிலாளர் வந்தனர். அபின் இருந்த இடத்தைக் கள் பிடித்துக்கொண்டது. மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் வேலைக்காட்டுக்கு அருகிலேயே கள்ளுக்கடை இருந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, மரம் சீவி, பால் சுமந்து, மாலையில் அக்கடை வாசலில் நின்றவனைக் 'குடிகாரக் கூலி' என்று படித்தவர் பலர் முகம் சுளித்தனர். லயத்து வீட்டில் அவன் மனைவி மக்கள் பட்ட துன்பம் பெரிது. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயின் கடையைத் திறந்தவன் யார், கூலியைக் குறைத்தவன் யார் என்று கேளாத தீர்ப்பு, பாதி வழக்கைக் கேட்ட தீர்ப்பே அன்றோ?

இங்கே ஒரு தடை எழக்கூடும். எவரும் எவரையும் தீர்ப்பிடலாகாது என்றால் தீமையைத் தடுப்பார் யார்? சாதிக் கொடுமையும் குடியும் மனைவியை அடிக்கும் வழக்கமும் 'வேறு வாழ்க்கை முறை' என்னும் பெயரில் நிலைத்து விடாவோ? இது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. செயலைத் தவறென்று சொல்வதைத் தாழ்மை தடுப்பதில்லை. செய்தவனைத் தனக்குக் கீழே வைப்பதையே அது தடுக்கிறது. தன் கண்ணிலுள்ள உத்திரத்தை முதலில் எடுத்துவிடுமாறு இயேசு சொன்னது, பிறன் கண்ணிலுள்ள துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்பதற்காக அன்று. அதனைத் தெளிவாகக் கண்டு எடுக்க வேண்டும் என்பதற்காகவே.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். துரைமாரைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கியாக வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டனர். குடிகாரர் என்று ஒதுக்கப்பட்டவர்களே கள்ளை ஒழிக்கக் கேட்டார்கள்; அதே மூச்சில் தங்கள் மதிப்பையும் கேட்டார்கள். மதிப்பிழந்த மனிதன் திருந்துவது அரிது என்பதை, அவனைப் பழித்தவர்களைக் காட்டிலும் அவன் நன்கறிந்திருந்தான்.

தமிழ்க் கிறித்துவ மரபில் இத்தாழ்மைக்கு எடுத்துக்காட்டாக விளங்கியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889). அவர் முன்சீப், தீர்ப்பு வழங்குவதே அவர் தொழில். நீதிமன்றத்தில் இரு தரப்பையும் கேட்ட பின்னரே வாய் திறக்க வேண்டும் என்பதைக் கற்றிருந்த அவர், மன்றத்துக்கு வெளியே அந்நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரிந்தாரல்லர். தேவமாதாவின்மீது அந்தாதி பாடிய கத்தோலிக்கரான அவர், திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரோடும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடும் நெருங்கிய நட்புப் பூண்டிருந்தார். எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யை இயற்றினார். 1876-78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் பசித்தோர்க்குத் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். தம் விசுவாசத்தில் ஊன்றி நின்றவருக்குப் பிறர் விசுவாசத்தைக் கண்டு அஞ்சவோ இகழவோ தேவை ஏற்படவில்லை. தாழ்மை என்பது கொள்கையின்மை அன்று என்பதற்கு அவர் வாழ்வே விளக்கம்.

இன்றைய தெப்ராவில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் வீடமைப்புப் பகுதிகளும் பேரங்காடிகளும் எழுந்துள்ளன. லயத்தின் பலகைச் சுவர் வழியே அண்டை வீட்டான் அழுகை கேட்ட காலம் போயிற்று. இரும்புக் கதவும் மதிலும் வந்துவிட்டன. அயலானைப் பற்றிய அறிவு குறைந்திருக்கிறது. அவனைப் பற்றிய தீர்ப்பு மட்டும் குறையவில்லை. நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து, நெருக்கடியான விடுதிகளில் தங்கி ஆலைகளில் உழைக்கும் இளைஞரைப் பார்த்து, 'அழுக்கர், குடிப்பவர், நம்பத்தகாதவர்' என்று கூறும் குரல்களில் தமிழ்க் குரலும் கலந்திருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னர்த் தம் பாட்டன்மீது வீசப்பட்ட அதே சொற்கள் இவை என்பதை அக்குரலுக்கு உரியோர் மறந்து விடுகின்றனர். கடன்பட்டுக் கடல் கடந்து வந்தவனின் சுமையைத் தமிழன் அறியானாயின் வேறு யார் அறிவார்?

சீடரின் கால்களைக் கழுவுவதற்கு இயேசு குனிந்தார். குனிந்தவனுக்கே அடுத்தவன் காலிலுள்ள புண் தெரியும். நிமிர்ந்து நின்று பார்ப்பவனுக்கு அழுக்கு மட்டுமே தெரியும். மாறுபட்டு வாழும் ஒருவனைக் குறித்து முடிவு கூறுமுன், அவன் நடந்து வந்த வழியைக் கேட்டறியும் பொறுமை வேண்டும். அப்பொறுமைக்கே தாழ்மை என்று பெயர். அதைக் கற்றவன் சொல்லும் கடிந்துரையும் மருந்தாகும். கல்லாதவன் சொல்லும் நல்லுரையும் கல்லாகவே விழும்.