முன்னரே மொழிதல்

நினைவு தெளிந்திருக்கும்போதே தம் அந்திம வேண்டுதலை அரங்கனிடம் சொல்லி வைத்தவர் பெரியாழ்வார். இறுதி வேளையில் நெஞ்சும் நாவும் துணைநில்லா என்பதை அவர் அறிந்திருந்தார். எம்பெருமானிடம் விண்ணப்பிக்கும் அடியார்கள், பெற்ற மக்களிடம் அதனைப் பேசத் தயங்குவதேன்?

கரிசல் பூமியாம் புதியம்புத்தூரில் தையல் தொழிலில் உழைத்து ஓய்ந்த தந்தையொருவர் மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கிறார் என்க. செயற்கைச் சுவாசம் வைக்கலாமா என மருத்துவர் வினவுகிறார். மகன் எவ்விடை பகர்ந்தாலும், பின்னாளில் அதுவே அவன் உள்ளத்தை அறுக்கும். தந்தையின் விருப்பம் தெரிந்திருப்பின், அவன் தீர்ப்பளிப்பவனாக இராமல் தந்தை சொல் காக்கும் புதல்வனாகிறான்.

மீளவியலா நோயில் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாவென முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் நாள் ஏற்றது. 2023இல் அம்முறை எளிதாயிற்று. இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெறலாம். மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்த பின்னரே அது செயற்படும். மனத்தெளிவு உள்ளவரை மாற்றவும் செய்யலாம்.

இஃது உயிரை மாய்ப்பதன்று. வலி தணிக்கும் பராமரிப்பு தொடரும். இறுதிவரை சிகிச்சை வேண்டுமென்பாரும் அதனையே சொல்லி வைக்கலாம். சொல்லாதிருத்தலே மக்கள் தோளில் ஏறும் பெருஞ்சுமை. உற்றார் கூடும் திருவிழா நாளே அதனைச் சொல்லத் தக்க நன்னாள்.