நோவைப் பொறுப்பது புண்ணியமா?



பூசையில் எல்லோரும் முழந்தாளிடும் வேளையில், ஒரு கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தபடி நிற்கும் தாய்மாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்டி நகரிலும் இருக்கிறார்கள், கலஹா, ஹந்தானைத் தோட்டப்புறங்களிலும் இருக்கிறார்கள். "என்னம்மா, நடக்க முடியவில்லையா?" என்று கேட்டால், "இடுப்பு வலிதான். ஆண்டவர் தந்த சிலுவை, சுமக்கத்தானே வேண்டும்" என்பார்கள். கேட்டவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தத் தலையாட்டலைப் பற்றியே உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

துன்பத்தை அமைதியாக ஏற்பது பெரிய காரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தீர்க்கக்கூடிய நோவா, தீராத நோவா என்று பாராமலே ஏற்றுக்கொள்வதை என்னவென்று சொல்வது? பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனிதத் துன்பத்தின் பொருளைப் பற்றி 1984 பெப்ரவரியில் ஒரு முழு மடலே எழுதியவர். 1994 ஏப்ரலில் அவர் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது, மறுநாளே உரோமை ஜெமெல்லி வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்து செயற்கை மூட்டுப் பொருத்தினார்கள். துன்பத்தின் மேன்மையை எழுதிய அதே மனிதர் வைத்தியரிடம் தம்மை ஒப்படைக்கத் தயங்கவில்லை. 1995 ஜனவரியில் கொழும்புக்கு வந்து யோசேவாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியபோதும் அவருக்கு ஊன்றுகோல் தேவைப்பட்டது. சிகிச்சை எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. அதற்காக அது வீண் என்று யார் சொல்வார்?

அந்த யோசேவாஸ் அடிகளார் நம் கண்டியில் என்ன செய்தார்? 1697இல் அம்மை நோய் பரவி, அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு நீங்கியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிப்போய்க் கழுவித் துடைத்து உணவூட்டினார். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று உபதேசித்துவிட்டு அவர் போய்விடவில்லை.

இங்கேதான் நம் வீட்டு விஷயம் வருகிறது. அம்மா பொறுத்துக்கொள்வதால் யாருக்கு வசதி? கிளினிக்குக்குப் போனால் அவளுக்கு ஒரு நாள் பேர் இல்லை. துணைக்குப் போகும் மகனுக்கும் சம்பளம் போகும். சமையலை யார் பார்ப்பது? ஆகவே அவள் தைலம் தேய்த்து, இரண்டு பனடோல் விழுங்கி, மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறாள். நாமும் அவள் பொறுமையைப் புகழ்கிறோம். செலவில்லாத புகழ்ச்சி!

போகிறவர்களுக்கும் ஒரு தடை உண்டு. அது நம் பேச்சிலேயே இருக்கிறது. 'இடுப்பு' என்றால் நமக்கு முதுகின் அடிப்பாகமும் இடுப்புத்தான், கால் வந்து பொருந்தும் மூட்டும் இடுப்புத்தான். யாழ்ப்பாணத்தார் முதுகின் அடியை 'நாரி' என்று பிரித்துச் சொல்வார்கள். மலையகத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் மூட்டுத் தேய்ந்தவருக்கும் முதுகு வலிக்கான மருந்தே வருடக்கணக்கில் போய்ச் சேரலாம். ஆகவே சொல்லால் விளக்குவதைவிடக் கையால் தொட்டுக் காட்டுங்கள். இடுப்பு மூட்டின் நோவு பெரும்பாலும் தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் தெரியும்; சில வேளை முழங்காலில் மட்டுமே தெரியும். முழங்கால் நோகிறது என்று நொண்டும் பிள்ளைக்கும் இடுப்பு மூட்டைப் பார்க்கவேண்டும். சம்மணம் போட முடிகிறதா, குந்த முடிகிறதா, குனிந்து செருப்பு மாட்ட முடிகிறதா என்பதையும் சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஸ்டீரோயிட் மருந்து எடுத்தவர்களும் மிதமிஞ்சிக் குடிப்பவர்களும் அதை மறைக்கக்கூடாது. மூட்டின் எலும்புத் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது நலிவதற்கு இவை காரணமாகலாம். அந்த நலிவு தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும்.

காலையில் மூட்டுகள் வெகுநேரம் விறைத்து, வீக்கமும் கண்டால் வாதநோய் நிபுணர். மூட்டே தேய்ந்துவிட்டதென்றால் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர். இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி 1962இல் உருக்குத் தலையும் பிளாஸ்டிக் கிண்ணமுமாக அமைத்த செயற்கை மூட்டின் வழியில்தான் இன்றும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. அவர் முன்பு பயன்படுத்திய டெஃப்லோன் கிண்ணங்கள் தேய்ந்துபோயின. அதற்காக அவர் முயற்சியைக் கைவிட்டுவிடவில்லை. எல்லோருக்கும் கத்தி வேண்டியதில்லை. உடற்பயிற்சியாலும் எடை குறைப்பதாலும் தேறுகிறவர்கள் பலர். எது யாருக்கு என்பதை அயல்வீட்டுக்காரி சொல்ல முடியாது.

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் கட்டணமின்றிக் காட்டலாம். தோட்டத்து டிஸ்பென்சரியிலோ வெளிநோயாளர் பிரிவிலோ கடிதம் கேட்டு வாங்குங்கள். பழைய எக்ஸ்ரே படங்களையும் மருந்துத் துண்டுகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். ஆனால் அவர் அம்மாவுக்குப் பதிலாகப் பேசாமல், அம்மா சொல்வதையே சொல்லட்டும். விழுந்தபின் காலூன்ற முடியாவிட்டாலோ, காய்ச்சலோடு மூட்டு நொந்தாலோ கிளினிக் நாளைப் பார்த்திருக்கவேண்டாம், அன்றே போகவேண்டும்.

அதுவரை ஊன்றுகோலை நோவுள்ள பக்கத்துக் கையில் பிடிக்காமல் மறுபக்கத்துக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள். நோகும் காலை வைக்கும்போதே கோலும் தரையில் பட்டால், மூட்டின் பாரம் குறையும்.