கதவைச் சாத்தாதீர்கள்

(வேலூர் சத்துவாச்சாரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் ஒரு பகுதி)

இன்று காலை நம் தெருவிலே ஓர் அம்மாளைப் பார்த்தேன். கீமோ ஏற்றித் தலைமுடி முழுதும் உதிர்ந்துபோய், பருத்தித் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் குனிய முடியவில்லை. படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி எழுந்து மிச்ச இழையை இழுத்து முடித்தார். தைரியம், தைரியம் என்கிறோமே, அது இதுதான்.

ஆனால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? புற்று என்று தெரிந்த மாத்திரத்தில் முதல் காரியமாகக் கதவைச் சாத்துகிறோம். "அந்த வியாதி" என்று குரலைத் தாழ்த்துகிறோம். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்கிறோம். வியாதி சரீரத்தைத் தின்கிறது. தனிமை மனத்தைத் தின்கிறது. இரண்டாவதை வீட்டுக்குள் அழைத்தவர்கள் நாமல்லவா?

பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலையிலே, பகவான் ரமண மகரிஷிகளின் இடது முழங்கையருகே கிளம்பிய கட்டி, சார்க்கோமா என்னும் புற்றென்று தெரிந்து, அறுத்த இடத்திலேயே மறுபடியும் முளைத்து, 1949-ஆம் வருஷம் ஒன்றிலேயே நான்கு தடவை அறுவை நடந்து, ரேடியம் வைத்தும் தீராத நிலையிலே, அந்த மகான் விட்டுக்கொடுக்காத விஷயம் எது தெரியுமா? தரிசனத்தை நிறுத்தக் கூடாது என்பது! சரீரம் ஒடுங்கிய கடைசி நாட்களிலும் அந்தச் சின்னஞ்சிறு அறையின் கதவு திறந்திருந்தது. ஜனங்கள் வரிசையாக அதன் முன்னே நடந்துபோனார்கள். 1950 ஏப்ரல் 14 இரவு, வெளியே அடியார்கள் அட்சரமணமாலை பாடிக்கொண்டிருக்க, சோதியில் கலந்தார். கதவு சாத்தியா இருந்தது? இல்லை.

விபூதி பூசினால் போதாதா, ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பகவானே நான்கு தடவை கத்திக்குக் கை நீட்டினார். நீ அவரைவிடப் பெரிய ஞானியா? வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ரயிலேறி வந்து, நம் வேலூரிலே அறை எடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். நீ பக்கத்தில் இருந்துகொண்டு கட்டியை ஆறு மாதம் முந்தானையில் மறைக்கிறாயே, அம்மா! கோபத்தில் சொல்லவில்லை, பதைத்துச் சொல்கிறேன். கதவைச் சாத்தாதே.

அப்பர் பெருமானை எடுத்துக்கொள்ளுங்கள். சூலை நோய் குடலை முறுக்கியபோது, வேறு சமயம் போன தம்பி என்று திலகவதியார் கதவைச் சாத்தினாரா? திருநீறு கொடுத்து அதிகை வீரட்டானத்துக்கு அழைத்துப்போனார். துணை வேண்டுமென்று அக்காளிடம் போனாரே, அந்தப் பணிவும் ஒரு பலம். பின்னாளில் திருமறைக்காட்டிலே என்ன நடந்தது? கோயில் கதவை அடைக்கப் பாடியவர் ஞானக் குழந்தையான சம்பந்தர். திறக்கப் பாடியவர்? சூலையை அனுபவித்தவர்! வலியை அறிந்தவரிடந்தான் திறக்கிற வேலையை இறைவன் கொடுத்தான்.

ஆகையால், வீட்டுக்குப் போகும் வழியில், உங்கள் தெருவில் சாத்திக் கிடக்கும் அந்த ஒரு கதவைத் தட்டுங்கள். உபதேசம் வேண்டாம். ஒரு செம்பு கஞ்சியோடு போய்ச் சற்றுநேரம் பக்கத்தில் உட்காருங்கள்.