பங்குக் கணக்கும் கேட்கப்படாத கேள்வியும்

மச்சான் மௌத்தாகி, தங்கை இத்தா முடிந்து எழும்பிய வாரம் நான் வெள்ளவத்தைக்குப் போயிருந்தேன். வீட்டையும் வங்கியில் கிடந்த பணத்தையும் பங்கிடுவது பற்றிய பேச்சு வந்தது. கணினித் துறையில் வேலை செய்யும் மருமகன் மடிக்கணினியைத் திறந்து, "எல்லாம் கணக்கெடுத்தாச்சு மாமா" என்றான். மச்சானின் தாய் தந்தையர் முன்னரே காலமானவர்கள். ஆகவே உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் அவனுக்கு இரண்டு பங்கு, தங்கைமார் இருவருக்கும் ஒவ்வொரு பங்கு. முப்பத்திரண்டாகப் பிரித்தால் 4, 14, 7, 7. நானும் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

கணக்கெடுத்தது அவனல்ல, அவன் ஏவிய 'முகவர்'. எங்கள் ஊரில் முகவர் என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். இவன் சொல்வது, சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்து முடிக்கும் செயற்கை நுண்ணறிவு. அது சரளமாகப் பேசும். ஆனால் பின்னக் கணக்கை வாயால் சொல்லச் சொன்னால் சிலவேளை தடுக்கி விழும். அதனால் அதற்கு ஒரு திறனை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு கோப்புறை, அதனுள் இந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று விளக்கும் ஒரு பக்கம், பக்கத்தில் கணக்கைச் செய்யும் சிறு நிரல். முகவர் முதலில் தலைப்பையும் குறிப்பையும் மட்டும் பார்க்கும். தேவைப்பட்டால்தான் உள்ளே போய் வாசிக்கும். நிரல் ஓடினால் எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடைதான். அந்த்ரோபிக் நிறுவனம் 2025 ஒக்டோபரில் இந்த முறையை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பே, 2023இல், 'வொயேஜர்' என்றொரு ஆய்வு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அனிமா ஆனந்த்குமாரும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டுக்குள் விடப்பட்ட ஒரு முகவர், மரம் வெட்டுவது, கருவி செய்வது என்று ஒவ்வொன்றையும் நிரலாக எழுதி, பலித்ததை மட்டும் சேமித்துக்கொண்டு, பழையதன் மேல் புதியதைக் கட்டிக்கொண்டு போனது.

ஆசிரியனுக்கு இது புதினமல்ல. நான் கலாசாலையிலிருந்து வெளியேறி முதல் நியமனம் பெற்றபோது, மாற்றலாகிப் போன ஆசிரியர் ஒருவர் தமது பாடக்குறிப்புக் கொப்பியை என்னிடம் விட்டுப் போனார். இரண்டு வருடம் அதை வைத்தே ஓட்டினேன்.

நம்மவர்களுக்கும் புதினமாக இருக்கக் கூடாது. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்துதான் 'அல்கோரிதம்' என்ற சொல்லே பிறந்தது. அவருடைய அல்ஜிப்ரா நூலின் பெரும் பகுதி வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும் பற்றிய கணக்குகள். எவர் கையிலெடுத்தாலும் அதே விடை வரவேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட படிமுறைகள் அவை. வஸிய்யத் பகுதி எங்கே தொடங்குகிறது என்பது கவனிக்கத் தக்கது. பத்து திர்ஹம் சொத்து வைத்துவிட்டு ஒருவர் இறந்துபோகிறார். மகன்மார் இருவரில் ஒருவன் அவருக்குப் பத்து திர்ஹம் கடன்பட்டிருக்கிறான். ஆக, பங்குக்கு முன்னால் கடன் வந்து நிற்கிறது.

கடனும் வஸிய்யத்தும் போக மிஞ்சுவதில்தான் பங்கு என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. மருமகனுக்கும் தெரியும். அவன் நிரலில் கடனுக்கு இடம் இருந்தது. எவரும் எதுவும் சொல்லாவிட்டால் அங்கே பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தான்.

கொட்டாஞ்சேனையில் முன்பு ஒரு பெரியவர் இருந்தார். நான் சிறுவனாக வாப்பாவுடன் அவரிடம் போயிருக்கிறேன். பல குடும்பங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தவர். பென்சிலைத் தொடுமுன் அவர் ஒரு காரியம் செய்வார். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவுக்கு அப்பால் இருக்கும் பெண்ணிடம் பேசுவார். என்ன கேட்டார் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

அன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பிறகு நான் தங்கையிடம் கேட்டேன். வீடு வாங்கிய வருடம் தன் நகைகளை விற்று மச்சானிடம் கொடுத்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. "திருப்பித் தாரன் எண்டுதான் வாங்கினாரு. பொறகு பேச்சே இல்ல" என்றாள். அது கடனா? அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும், பிள்ளைகளின் முன்னால் இல்லையென்றே சொல்லியிருப்பாள்.

கேட்ட பிறகு எழுதிய பூச்சியமும், கேட்காமலே விழுந்த பூச்சியமும் தாளில் ஒரே வட்டம்தான். வொயேஜரின் கதையில் உலகம் பதில் சொன்னது. மரம் வெட்டினால் பையில் மரம் இருக்கும், இல்லாவிட்டால் அந்த நிரல் சேமிக்கப்படாது. மையித்து வீட்டில் என்ன பதில் வரும்? எவரும் சண்டை பிடிக்கவில்லை என்றால் கணக்கு பலித்தது என்று ஆகிவிடுகிறது. ஒரு பெண்ணின் மௌனம் சரி என்ற அடையாளமாகப் பதியப்படுகிறது. மருமகன் இந்தக் கோப்புறையைக் கூட்டாளிமார் பலருக்கும் கொடுத்திருக்கிறான். அந்தப் பூச்சியம் எத்தனை வீட்டுக்குள் போயிற்றோ! கரும்பலகையில் நான் பிழையாக எழுதினால் மறுநாள் அதே நாற்பது பிள்ளைகளின் முன் திருத்தலாம். கையை விட்டுப் போன கோப்புறை திரும்பி வராது.

ஏட்டுக் காலத்தில் இதற்கொரு காவல் இருந்தது. மாணவன் நூலைப் பிரதி செய்து, ஆசிரியர் முன் வாசித்துக் காட்டி, பிறருக்குக் கற்பிக்க இஜாஸா பெறுவான். அறிவு யார் வழியாக வந்தது என்ற சங்கிலி கூடவே வரும். முன்பின் தெரியாதவரின் திறன்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று இன்றைய நிறுவனங்களும் எச்சரிக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்த எச்சரிக்கை களவுக்கும் மோசடிக்கும் எதிரானது. நல்ல பிள்ளை ஒருவன் நல்லெண்ணத்தோடு கேட்க மறந்ததை அது பிடிக்காது.

இதற்காக எழுத்தையே பழிப்பது நியாயமல்ல. கொட்டாஞ்சேனைப் பெரியவரின் கேள்வி அவரோடு கபுருக்குள் போய்விட்டது. எவராவது அதை எழுதி வைத்திருந்தால் என் தங்கையிடம் நான் கேட்கவேண்டி வந்திராது. பங்கு பிரிக்கும் மனிதர்களெல்லாம் அவரைப் போன்றவர்களும் அல்லர். பெண்ணிடம் கேட்காமலே முடித்தவர்களை நானே கண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை மருமகனிடம் விடயத்தைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு குறிப்புப் பக்கத்தைத் திறந்து, "யாரிடம் கேட்க என்று எழுதட்டும் மாமா?" என்றான். மையித்தின் மனைவியிடம், தனியே, என்றேன். 'தனியே' என்பதை அடித்துவிட்டு, முகவருக்கு இதை எப்படி விளங்கவைப்பது என்று யோசித்தான்.

நகைப் பணம் கடனா, அன்பளிப்பா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. தங்கை வாய் திறக்கிறாளில்லை. மருமகன் அந்த இடத்திலிருந்த பூச்சியத்தை அழித்து வெறுமையாக விட்டிருக்கிறான். அது வெறுமையாக இருக்கும்வரை இப்போது நிரல் ஓடாது.