ஜனவரி 11

உன் அலமாரியின் அடித்தட்டைத் திற. பழைய டைரிகள் கிடக்கும். ஒன்றை எடுத்துப் புரட்டு.

எந்தத் தேதியோடு நிற்கிறது? ஒன்றாவது பொங்கலைத் தாண்டியிருக்கிறதா?

என்னிடமும் நான்கு இருந்தன. முதல் பக்கத்தில் முத்து முத்தான கையெழுத்து. எட்டாம் தேதிக்கு மேல் கிறுக்கல். ஜனவரி 11-க்குப் பிறகு வெற்றுத்தாள். அவற்றில் ஒன்றில் யாரோ பால் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த வெற்றுத்தாளை நானும் பார்த்தவன். அதனால்தான் சொல்கிறேன், உன் சாக்குகளில் ஒன்றைக்கூட நான் விடப்போவதில்லை!

எழுத வேண்டும் என்று உனக்கு ஆசை. உன் ஊரைப் பற்றி. செய்கிற வேலையைப் பற்றி. அப்பா கடைசியாகச் சொன்ன வார்த்தையைப் பற்றி. வாரம் ஒரு பக்கம், உன் பெயரில், நாலு பேர் படிக்கிற மாதிரி.

பத்து வருஷ ஆசை. எங்கே அந்தப் பக்கம்?

“நேரமே இல்லை” என்கிறாய்.

துவரங்குறிச்சியில் ஒரு பெண். பருவமெய்தும் வயதில் பள்ளிக்கூடம் நின்றது. வீடே உலகம் ஆனது. கல்யாணத்துக்குப் பிறகு எழுதவும் தடை. என்ன செய்தார்?

எல்லோரும் தூங்கிய பிறகு, கழிப்பறைக்குள் போய் ரகசியமாக எழுதினார். தாள்களை ஒளித்து வைத்தார். வேறு பெயரில் அச்சுக்கு அனுப்பினார். அந்தப் பெயர்தான் சல்மா. ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்ற நாவல் அந்தக் கையிலிருந்துதான் வந்தது.

உனக்கு யார் தடை போட்டது? நேற்று ராத்திரி போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு எத்தனை மணி வரை விழித்திருந்தாய்? சொல்!

“எனக்குப் படிப்பு போதாது. ஒற்று எங்கே மிகும் என்றே தெரியாது.”

கி. ராஜநாராயணனுக்கு மட்டும் என்ன பட்டம் இருந்தது? பள்ளிப் படிப்பையே முடிக்காத இடைசெவல் கிராமத்து விவசாயி. காசநோயோடு போராடிய உடம்பு. ‘மாயமான்’ கதை ‘சரஸ்வதி’ பத்திரிகையில் வந்தது 1958-இல். அப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

தன் ஜனங்கள் பேசுகிற மாதிரியே எழுதினார். தன் கரிசல் மண்ணின் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது!

ஒற்றுப்பிழையைப் பக்கத்து வீட்டுத் தமிழ் வாத்தியார் பத்து நிமிஷத்தில் திருத்திக் கொடுப்பார். நீ எழுதாத பக்கத்தில் அவர் எதைத் திருத்துவார்?

“வயசாகிவிட்டது.” இதற்கு ஒரே பெயர் போதும். உ.வே. சாமிநாதையர். ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்தபோது அவருக்கு வயது 84. மேலே பேசாதே.

“என் வாழ்க்கையில் எழுத என்ன இருக்கிறது?” இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது.

கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்து, கையில் வேலை இல்லாமல் நின்றவர் பாமா. எழுத என்ன இருந்தது அவரிடம்? சொந்தத் தெரு. சொந்தச் சனம். பட்ட அவமானம். அதை எழுதினார், ஊர்ப் பேச்சிலேயே. 1992-இல் ‘கருக்கு’ வந்தது. தமிழில் தன்வரலாறு என்றால் என்ன என்பதையே அந்தச் சின்னப் புத்தகம் மாற்றிப் போட்டது!

புதுச்சேரியில் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையைப் பார். 1736-இல் டைரி எழுத ஆரம்பித்தார். என்ன எழுதினார்? எந்தக் கப்பல் வந்தது, கவர்னரைப் பார்க்க யார் வந்தார், எந்தச் சரக்கு என்ன விலை போனது. அன்றாடச் சமாச்சாரம்!

1761-இல் சாகும் வரைக்கும், கால் நூற்றாண்டு எழுதினார். செத்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் அந்தக் குறிப்புகள் வெளியார் கண்ணில் பட்டன. இன்று அந்தக் காலத்துத் தென்னிந்தியாவைப் படிக்கிறவர்கள் அவரைத் தொடாமல் நகர முடியாது.

உன் தெரு ரேஷன் கடை வரிசையில் நேற்று நடந்தது யாருக்குத் தெரியும்? உனக்குத்தான். நீ எழுதாவிட்டால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். புரிகிறதா?

இனி வருவதுதான் கடைசிச் சாக்கு. மற்றவை எல்லாம் இதற்குப் போட்ட வேஷம்.

“யார் படிக்கப் போகிறார்கள்?”

பொய்! உன் பயம் யாரும் படிக்க மாட்டார்கள் என்பது இல்லை. யாராவது படித்துவிடுவார்கள் என்பதுதான்.

மாமா படிப்பார். ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் படிப்பார். “என்னப்பா, பெரிய எழுத்தாளர் ஆயிட்ட போல?” என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பத்து வருஷத்தை மண்ணில் புதைத்தாய்!

கேட்கட்டுமே. “ஆமாண்ணே, எழுதிட்டு இருக்கேன்” என்று சொல். அப்புறம் டீயைக் குடி. அடுத்த வாரம் அவர் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்.

ஆனால் கேள், ஆரம்பிப்பது பெரிய காரியமே இல்லை. ஆரம்பிப்பதைப் பற்றி ஊரே பேசும். ஐந்தாவது வாரத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

முதல் பக்கத்துக்கு நண்பர்கள் எல்லோரும் கைதட்டுவார்கள். இரண்டாவதுக்குப் பாதிப் பேர். நான்காவதை உன் தங்கச்சி மட்டும் படிப்பாள். ஐந்தாவது வாரம் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். வீட்டில்கூட.

அந்த மௌனம் இருக்கிறதே, அதில்தான் பேனாக்கள் விழுகின்றன. கேலியில் செத்த எழுத்து கொஞ்சம். மௌனத்தில் செத்த எழுத்துக்குக் கணக்கே இல்லை!

அந்த மௌனத்துக்குள்ளேயே நடந்த ஒரு மனிதரைச் சொல்கிறேன். சி.சு. செல்லப்பா.

1959 ஜனவரியில் ‘எழுத்து’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சினிமா இல்லை. தொடர்கதைக் கவர்ச்சி இல்லை. விமர்சனமும் புதுக்கவிதையும்! யார் வாங்குவார்கள்? சந்தாதாரர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பெரிய பத்திரிகைக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

அவர் நிறுத்தினாரா? புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக நடந்தார். வேட்டி கட்டிய ஒரு மனிதர், தோளில் பாரம், எதிரே வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகங்கள். அந்தக் காட்சியைக் கொஞ்ச நேரம் கண்ணில் நிறுத்து. உன் ஐந்தாவது வாரம் அதைவிடக் கஷ்டமா?

119 இதழ்கள். 1970 வரைக்கும்! பத்திரிகை நின்றது, உண்மைதான். ஆனால் தமிழில் புதுக்கவிதை காலூன்றிய நிலம் அந்தச் சில நூறு பேர் படித்த பக்கங்கள்தான்.

அதோடு அவர் பேனாவை மூடி வைத்தாரா? எண்பதைத் தாண்டிய வயதில், 1997-இல், ‘சுதந்திர தாகம்’ என்ற நாவலை மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார். மறு வருஷம் இறந்துபோனார். சாகித்திய அகாதெமி விருது 2001-இல் வந்தது. வாங்க அவர் இல்லை.

விருது வரும் என்று தெரிந்தா எழுதினார்? தெரியாமலேதான் எழுதினார்! உனக்கு ஐந்து வாரத்தில் பதில் தெரிந்தாக வேண்டுமா?

சரி, எப்படித் தாக்குப்பிடிப்பது? கிழமையைப் பிடி. மனநிலையைப் பிடிக்காதே, அது நழுவும். ஞாயிறு காலை ஆறு மணி என்றால் ஞாயிறு காலை ஆறு மணி. கல்யாண வீட்டில் இருந்தாலும் மாடிப்படியில் உட்கார்ந்து பத்து வரி எழுது.

எழுதும்போது திருத்தாதே. திருத்தும்போது இரக்கம் காட்டாதே. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் போகிறவன் முதல் பத்தியிலேயே மூச்சுத் திணறுவான்.

அடுத்த வாரத்துக்கு ஒரு வரியை இந்த வாரமே குறித்து வை. ஞாயிறு காலை வெற்றுத்தாளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

ஒரு வாரம் விட்டுப்போனால்? விட்டுப்போகும். காய்ச்சல் வரும், சாவு வரும், மார்ச் மாதக் கணக்கு வரும். விட்டுப்போனதற்காக மன்னிப்புக் கேட்டு மட்டும் எழுதாதே! “சில காலமாக எழுத இயலவில்லை, இனி தொடர்ந்து எழுதுவேன்” என்ற வரியோடு முடிந்துபோன நோட்டுகள் எத்தனையோ பார்த்துவிட்டேன். அந்த வரிதான் கடைசி வரியாக நிற்கும். விட்ட கதை வேண்டாம். இன்றைய கதையைச் சொல்.

நான் எங்கே மறுபடி ஆரம்பித்தேன் தெரியுமா? அந்தப் பால் கணக்குக்குக் கீழே. முதல் வரி, விடியற்காலையில் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வந்த அந்தப் பால்காரரைப் பற்றி.

புது நோட்டு வாங்கக் கடைக்குப் போகாதே. அடுத்த ஜனவரி வரட்டும் என்று காத்திருக்காதே. அந்தப் பழைய டைரியையே எடு. ஜனவரி 12 என்று அச்சடித்திருக்கும். ஒரு கோடு போட்டு அடி!

மேலே இன்றைய தேதியைப் போடு. போட்டாயா? எழுது!