பசி ஓய்ந்த வாரங்களும் புலனடக்கமும்

உடல் எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசியைத் தொடங்குகிறவர்களில் பலருக்கு, எடை குறைவதற்கு முன்பே உணவைப் பற்றிய நினைப்பு குறைந்துவிடுகிறது. காலைச் சாப்பாடு முடியும் முன்பே மதியத்துக்கு என்ன என்று ஓடிக்கொண்டிருந்த மனம் ஓய்கிறது. அலமாரியில் இருக்கும் முறுக்கு டப்பா ஞாபகத்துக்கு வருவதில்லை. பல ஆண்டு விரதங்களும் சபதங்களும் தராத அந்த ஓய்வை ஒரு சிறு மருந்தளவு தந்துவிடும்போது, சமயங்களும் தத்துவமும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று மறுபடி எழுகிறது: ஆசையோடு போராடாமலே ஆசை அடங்கிவிட்டால் அதைப் புலனடக்கம் என்று சொல்லலாமா?

மருந்து வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் கேள்வியின் எல்லை புலப்படும். உணவு வந்ததும் குடல் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது ஓரிரு நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அதைப் போலவே செயல்படும், இந்த ஊசியில் உள்ள செமாகுளூடைட், உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மூளையில் பசியையும் நிறைவையும் ஆளும் பகுதிகளிலும் செயல்படுகிறது. அமெரிக்காவில் 2017இல் சர்க்கரை நோய்க்கும், 2021இல் உடல் பருமனுக்கும் ஒப்புதல் பெற்ற இந்த மருந்து, பருமனுக்கான ஊசியாக 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தது.

முதல் நான்கு வாரங்களுக்கு 0.25 மில்லிகிராம்தான். பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டி, 17ஆம் வாரத்தில் 2.4 மில்லிகிராமை எட்டுவது வழக்கம். தொடக்க அளவின் நோக்கம் எடைக் குறைப்பு அல்ல, உடலைப் பழக்குவதுதான். 1,961 பேர் பங்கேற்ற முக்கிய ஆய்வு ஒன்றில், மருந்து பெற்றவர்களில் 44 சதவீதத்தினருக்குக் குமட்டல் இருந்தது. அளவு கூடும்போது அது தலைதூக்குவதும், உடல் பழகியதும் தணிவதும் இயல்பு. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, எண்ணெய்ப் பண்டங்களைக் குறைப்பது, போதும் என்று தோன்றிய உடனே கையைக் கழுவிவிடுவது, தண்ணீரை மறக்காமல் குடிப்பது ஆகியவையே இந்த வாரங்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் வழிகள்.

அரிஸ்டாட்டில் இரண்டு வகை மனிதரைப் பிரித்துப் பேசினார். ஒருவருக்குத் தகாத ஆசை எழுகிறது. போராடி அதை வெல்கிறார். மற்றவருக்கு அந்த ஆசையே எழுவதில்லை. வியர்வை சிந்தியவரையே உயர்ந்தவராகக் கருதும் பொதுப்புத்திக்கு மாறாக, அரிஸ்டாட்டில் இரண்டாமவரையே மேலே வைத்தார். இதை மட்டும் கொண்டு பார்த்தால் ஊசி போட்டுக்கொண்டவர் ஒரே மாதத்தில் அந்த உயரத்தை எட்டிவிட்டார் என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டாமவர் சுவையை இழந்தவர் அல்லர். சரியானதை, சரியான அளவில் விரும்புமாறு நீண்ட பழக்கத்தால் பக்குவப்பட்டவர். இன்பத்தைத் தேவைக்கும் குறைவாக உணர்கிற நிலையை அரிஸ்டாட்டில் தனியாகக் குறிப்பிட்டு, அதையும் ஒரு குறை என்றே கொண்டார். சோற்றைக் கண்டாலே முகம் திருப்பும் முதல் வாரத்து அனுபவம் இந்தக் குறையோடுதான் சேரும். ஆகவே பசியின் ஓய்வு அறமாகாது. அதற்காக அதைக் குறுக்குவழி என்று பழிப்பதும் சரியல்ல.

அந்தப் பழிப்புக்கு மணிமேகலைக் காப்பியத்திலேயே விடை இருக்கிறது. முனிவர் ஒருவருக்குரிய நாவற்பழத்தை மிதித்துவிட்ட காயசண்டிகை, பன்னிரண்டு ஆண்டுகள் யானைத்தீ என்னும் அடங்காப் பசிக்கு ஆளாகிறாள். எவ்வளவு உண்டாலும் வயிறு நிறைவதில்லை. அமுதசுரபி என்னும் பாத்திரத்திலிருந்து மணிமேகலை இட்ட ஒரு பிடி உணவில் அந்தப் பசி தீர்கிறது. அவள் பெருந்தீனிக்காரி என்று காப்பியம் இகழவில்லை. தன் முயற்சியால் பசியை வெல்லவில்லையே என்று குறை கூறவும் இல்லை. பசியைப் பிணி என்று கண்ட மரபுக்கு, பிணி தீர்ந்ததே போதுமானதாக இருந்தது. பருமனை மனவுறுதிக் குறைவின் அடையாளமாகப் பார்க்கும் இன்றைய வழக்கத்தைவிட இந்தப் பார்வை கருணையும் உண்மையும் கூடியது. பசியின் கடுமை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதையும், அதில் பிறவிக்கூறுகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் மருத்துவம் இன்று உறுதியாகச் சொல்கிறது. ஒல்லியானவர்களில் பலர் தங்கள் கட்டுப்பாட்டின் பலன் என்று எண்ணுவது, அவர்கள் சம்பாதிக்காத எளிய பசியாகவும் இருக்கக்கூடும்.

வெளியிலிருந்து வரும் உதவி பற்றிப் பாலி மொழிச் சூத்திரம் ஒன்று இன்னும் நேரடியாகப் பேசுகிறது. கோசல மன்னன் பசேனதி அளவின்றி உண்டு, மூச்சிரைக்க வந்து புத்தர் முன் அமர்கிறான். அளவறிந்து உண்பவனுக்கு வேதனை குறையும், முதுமை மெல்ல வரும் என்ற பொருளில் புத்தர் ஒரு பாட்டுச் சொல்கிறார். மன்னன் அதைச் சுதர்சனன் என்ற இளைஞனை மனப்பாடம் செய்யவைத்து, ஒவ்வொரு வேளையும் தான் உண்ணும்போது சொல்லுமாறு பணிக்கிறான்; அதற்கு நூறு காசு கூலியும் ஏற்பாடு செய்கிறான். படிப்படியாக உணவு ஒரு நாழி அரிசிச் சோற்றில் வந்து நிற்கிறது, உடல் இளைக்கிறது. கூலிக்கு வாங்கிய நினைவூட்டல் என்பதால் அந்த மாற்றத்தின் மதிப்பு குறைந்ததாகச் சூத்திரம் கருதவில்லை. ஆனாலும் ஊசிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டு மன்னனின் கவனத்தை எழுப்பியது. கையை நிறுத்தியது அவனேதான். ஊசி நேராகப் பசியைத் தணித்துவிடுகிறது. கவனத்தை அவரவரே கொண்டுவர வேண்டும்.

அந்தக் கவனத்துக்கு முதல் வாரங்களில் எதிர்பாராத வேலை காத்திருக்கிறது. அடக்குவதற்கு ஆசை இல்லாதபோது, ஆசையில்லாமலே உண்ண வேண்டியிருக்கிறது. குறையும் எடையில் தசையும் ஒரு பங்கு என்பதால் பருப்பு, முட்டை, மீன், தயிர் போன்ற புரத உணவைப் பசி கேட்காவிட்டாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். உணவை மருந்துபோல் உட்கொள்ளக் கற்றதாகப் புனித அகஸ்டின் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் எழுதினார். தேவைக்கும் இன்பத்துக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாமல் அவர் தவித்தார். ஊசியின் முதல் மாதத்தில் இன்பம் விலகி, தேவை மட்டும் தனித்துத் தெரிகிறது. உடலைப் பேணுவதற்காக மட்டுமே உண்கிறோம் என்று பௌத்த பிக்குகள் ஒவ்வொரு வேளையும் சிந்திக்கும் மரபும் இதே இடத்தைத் தொடுகிறது. பசி தள்ளாமல், அறிவு சொல்லி உண்பது கடினமான பயிற்சி. புலனடக்கம் என்ற பெயர் இதற்குத்தான் கூடுதலாகப் பொருந்தும்.

விரதம் இருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, சத்தூட்டும் ஊசிகள் நீங்கலாக, தோலுக்கடியில் போடும் சிகிச்சை ஊசிகள் நோன்பை முறிப்பதில்லை என்று முடிவு செய்தது. சட்டம் தெளிவாகிவிட்டது, பசியே தெரியாதபோது நோன்பின் பொருள் என்ன என்பது மிஞ்சுகிறது. ஏகாதசிக்கும் தவக்காலத்துக்கும் இது பொருந்தும். பசியைத் தாங்குவதே விரதம் என்றால் அது வெறுமையாகிவிடும். இறைவனுக்காக நேரத்தையும் மனத்தையும் ஒதுக்குவது, இல்லாதவர் பசியை எண்ணிக் கொடுப்பது ஆகியவையும் விரதம் என்றால் அதில் எதுவும் குறைவதில்லை. ஆனால் சர்க்கரை நோய்க்கு இன்சுலினும் சேர்த்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் தொடங்கக் கூடாது.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் இந்தக் கேள்வியைச் சேர்ந்ததே. மேற்சொன்ன ஆய்வின் தொடர்ச்சியில், நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஒழுக்கம் குலைந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. பழைய பசி திரும்பியது, அவ்வளவே. நீண்டகாலம் தொடர வேண்டிய சிகிச்சை என்று மருத்துவர்கள் இதைச் சொல்வதும், அமைதியான வாரங்களிலேயே உண்ணும் பழக்கங்களைக் கட்டியெழுப்பச் சொல்வதும் இதனால்தான்.